கிணறு பொது, கயிறு யார் கட்டுவது?
வீட்டிலுள்ள பழைய கணினியில் இலவச மென்பொருளை நிறுவுவது பற்றி



நமது டிரஸ்டுக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் ஒரு கோரிக்கை சமீப காலமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. "கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும்" என்பதுதான் அது. மனு கொடுத்தவர்களின் வீட்டுக்குப் போய் விசாரித்தால், பல வீடுகளில் லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது. அண்ணன் சஃபரிலிருந்து கொண்டுவந்தது, அரசு கொடுத்தது, யாரோ பயன்படுத்திவிட்டுத் தந்தது என்று ஏதோ ஒன்று பீரோவுக்கு மேல் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கேட்டால், "கடையில் காட்டினோம், இது இனி ஓடாது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள்" என்கிறார்கள்.

இப்படி வந்த ஒரு சகோதரியின் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அந்த லேப்டாப்பை நாம் வாங்கிப் பார்த்தோம். திரை, கீபோர்டு எல்லாம் நன்றாக இருந்தன. பழையதாகிப்போனது உள்ளே இருந்த விண்டோஸ் மட்டுமே. புது லேப்டாப்புக்குக் கடைக்காரர் சொன்ன விலை, தையல் வேலை செய்யும் அந்தச் சகோதரியின் பல மாத வருமானம்.

அந்த லேப்டாப் இன்று ஓடுகிறது. அதற்கு ஆன செலவு ஒரு பென்டிரைவ்தான். ஆனால் அதை ஓட வைப்பதற்குள் நாம் சில தவறுகள் செய்தோம், சில பாடங்கள் கற்றோம். அவற்றைச் சமுதாயக் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கடைக்காரர் சொன்னதில் எவ்வளவு உண்மை?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டன. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் அவகாசம் தரப்பட்டது. புதுப்பிப்பு நின்றதும் கணினி மறுநாளே நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது நாளுக்கு நாள் ஆபத்தாகும்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. 2018க்கு முன் வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலானவை இதில் தேறுவதில்லை. அதனால்தான் "ஓடாது" என்ற பதில் வருகிறது. ஓடாதது விண்டோஸ் 11, கணினி அல்ல.

கடைகளில் இன்னொரு வழியும் சொல்வார்கள். "கிராக் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை விலை கொடுக்காமல் எடுப்பது பிறருடைய உரிமையைப் பறிப்பது. இது ஒருபுறம் இருக்க, அதில் உலக நஷ்டமும் உண்டு. கிராக் போடும் புரோகிராம் முதலில் கேட்பதே, "ஆன்டிவைரஸை நிறுத்து" என்பதைத்தான். இரவுக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது இது. உள்ளே என்ன வந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் சேர்ந்து எழுதி, எழுதிய முறையையும் மறைக்காமல் பொதுவில் வைக்கும் மென்பொருள்கள் உண்டு. திறமூல மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்று இவற்றைச் சொல்கிறோம். யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், தெரிந்தவர்கள் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். இதற்கு உரிமமே அனுமதி தருகிறது. எனவே நகல் எடுத்துக் கொடுப்பது இங்கே குற்றமில்லை.

இவை நமக்குப் புதியவையும் அல்ல. வீடியோ பார்க்கும் விஎல்சி பிளேயர், பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்து வளர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் இந்த வகைதான். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான். கடிதம், கணக்கு, பிரசன்டேஷன் தயாரிக்க லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. 2010இல் தொடங்கப்பட்ட டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்துகிறது. கணினி முழுவதையும் இயக்குவதற்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இருக்கின்றன.

இதை ஒரு பொதுக் கிணறு என்று சொல்லலாம். தண்ணீருக்குக் காசில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. ஆனால் கிணற்றில் கயிறும் ராட்டினமும் இல்லாவிட்டால், தாகத்தோடு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். மென்பொருளில் அந்தக் கயிறுதான் 'இன்ஸ்டால்' செய்வது, அதாவது நிறுவுதல். வருகிற பலரும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

சாமானியர் எங்கே தடுக்கி விழுகிறார்?

அந்த பி.காம். மாணவிக்கு நாம் முதலில் செய்த உதவி ஒரு பென்டிரைவும் ஆங்கிலத்தில் அச்சிட்ட 2 பக்கக் குறிப்பும்தான். ஒரு வாரம் கழித்து உம்மாவும் மகளும் அப்படியே திரும்பி வந்தார்கள். "ஒரு இடத்தில் டிஸ்கை அழிக்கட்டுமா என்று கேட்டது, பயந்து நிறுத்திவிட்டோம்" என்றார்கள். தவறு அவர்களுடையது அல்ல. தெரிந்தவர்களுக்காக எழுதிய குறிப்பைத் தெரியாதவர்களிடம் கொடுத்தது நமது தவறு.

அதன்பிறகு பலரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கவனித்தோம். தடுக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

ஒன்று, எந்தக் கோப்பை இறக்குவது என்பது. பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பட்டியல் வருகிறது. அதற்குள் 64 பிட், 32 பிட், மூல நிரல் என்று இன்னொரு பட்டியல். லிப்ரே ஆஃபீஸில் பல நேரங்களில் புதிய பதிப்பு, நன்கு சோதிக்கப்பட்ட பழைய பதிப்பு என்று இரண்டு நிற்கும். லினக்ஸ் மின்டில் எந்த நாட்டு 'மிரர்' வேண்டும் என்று கேட்கும். ஒரே கோப்பின் நகல்கள் பல நாடுகளில் வைக்கப்பட்டிருக்கின்றன, பக்கத்தில் உள்ளதை எடுத்தால் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை அங்கே யாரும் சொல்வதில்லை.

இரண்டு, 'டொனேட்' பக்கம். டவுன்லோடு பட்டனை அழுத்தியதும் நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரும். பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்று நினைத்துப் பலர் மூடிவிடுகிறார்கள். அது விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும். கோப்பு தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று, போலிப் பக்கங்கள். தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். பச்சை நிறத்தில் பெரிய 'டவுன்லோடு' பட்டன்கள் நான்கு இருக்கும், அவற்றில் மூன்று வேறு எதையோ இறக்கும். பெயர் பெற்ற இடங்களிலும் இது நடந்திருக்கிறது. படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை, விளம்பர மென்பொருள் சேர்ந்த இன்ஸ்டாலரில் வைத்துக் கொடுத்ததற்காக 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2016இல் தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

நான்கு, பயமுறுத்தும் எச்சரிக்கை. சில மென்பொருள்களை நிறுவும்போது, "இது அறியப்படாதது, உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்" என்று விண்டோஸ் நிறுத்தும். தயாரித்தவர் யார் என்பதை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழுக்குப் பொதுவாக ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். சிறிய குழுக்களிடம் அதற்கு வசதி இருக்காது. அதனால் நல்ல மென்பொருளுக்கும் சில நேரம் இந்த எச்சரிக்கை வரும், கெட்டதற்கும் வரும். வித்தியாசம் தெரியாதவர் ஒன்று பயந்து விட்டுவிடுகிறார், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் 'சரி' அழுத்தப் பழகிவிடுகிறார். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

ஐந்து, புரியாத கேள்விகள். "பார்ட்டிஷன் எப்படி வேண்டும்?", "பூட்லோடர் எங்கே?" என்று கேட்டால் வீட்டில் யார் பதில் சொல்வது? கட்டட வேலைக்கு வந்த கொத்தனார் சிமென்ட் கலவை விகிதத்தை வீட்டுக்காரரிடம் கேட்பாரா? அவருக்குத் தெரிந்ததை அவரே செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது, எந்த அறை எங்கே வேண்டும் என்பதைத்தான்.

கயிறு கட்டியவர்கள்

இந்தக் குறையை மென்பொருள் எழுதியவர்களே உணர்ந்து திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியை ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அதை நிறுவக் கட்டுக் கட்டாகப் ஃபிளாப்பி டிஸ்குகள் வேண்டும். கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். கணினி படித்தவர்களே தடுமாறுவார்கள்.

2000இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர், நாப்பிக்ஸ் என்ற சிடியை வெளியிட்டார். நிறுவாமலேயே சிடியிலிருந்து நேராக லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் சிடியை எடுத்துவிடலாம். கணினியில் இருந்தது அப்படியே இருக்கும். சாமானியரின் பயத்தைப் போக்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சேலையைப் பிரித்துப் பார்த்து, தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது போல ஆனது.

2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அந்த உறையில்தான். 2006இல் வந்த பதிப்பில், ஓட்டிப் பார்ப்பதற்கும் நிறுவுவதற்கும் ஒரே சிடி போதும் என்றானது. திரையில் இருக்கும் ஒரு படத்தை அழுத்தினால் சில கேள்விகளோடு வேலை முடிந்துவிடும். அதே 2006இல் தொடங்கிய லினக்ஸ் மின்ட், விண்டோஸில் பழகியவரின் கைக்கு அந்நியமாகத் தெரியாதபடி கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று அமைத்தது.

ஆனால் நிறுவிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தரப்பட்ட கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நமக்குத் தெரிந்த பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. கடையில் கொடுத்து அழித்துவிட்டு, கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக்கொண்டவர்களே அதிகம். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. அங்கே பாடத்துக்குத் தேவையானவை எல்லாம் ஒரே தொகுப்பாக, மலையாளத்துடன், தயாராக வருகின்றன. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரப்படுகிறது. கயிறோடு கூடப் பக்கத்தில் நிற்க ஆளும் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

முதல் படி: விண்டோஸிலேயே தொடங்குங்கள்

எடுத்த எடுப்பிலேயே விண்டோஸை அழிக்க வேண்டாம். முதலில் இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபீஸைப் போட்டு ஒரு மாதம் பழகுங்கள்.

பிரவுசரில் மேலே உள்ள முகவரிப் பெட்டியில் 'லிப்ரே ஆஃபீஸ் டாட் ஆர்க்' என்று நீங்களே ஆங்கிலத்தில் தட்டுங்கள். தேடல் முடிவுகளை நம்பி அழுத்த வேண்டாம். விண்டோஸ் 64 பிட் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 350 எம்பி அளவில் இருக்கும். இறங்கியதும் இருமுறை அழுத்துங்கள். நிறுவுவதற்கு அனுமதி கேட்டு விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். அதில் வெளியிட்டவர் பெயர் 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். விஎல்சிக்கு 'வீடியோலேன்' என்று இருக்கும். பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சரியாக இருந்தால் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போகலாம். 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மெனுக்களைத் தமிழிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிறுவியதும் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். முதலாவது, 'வியூ' மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்பதற்குள் 'டேப்டு' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பழகிய வேர்டு போலவே தோன்றும். இரண்டாவது, 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லோடு/சேவ்', 'ஜெனரல்' என்று போய், கோப்புகள் எப்போதும் வேர்டு வடிவத்தில் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிள்ளை கல்லூரிக்கு அனுப்பும் அசைன்மென்ட், "எங்களுக்குத் திறக்கவில்லை" என்று திரும்பி வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, "இலவசம் என்றாலே இப்படித்தான்" என்று விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் படி: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்

தேவையானவை: 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, நல்ல இணைய இணைப்பு, ஒரு மாலைப்பொழுது. கணினியில் குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் வசதி. ஹார்ட் டிஸ்கில் 20 ஜிபி குறைந்தபட்சம், 100 ஜிபி இருந்தால் நல்லது. ராம் குறைவான கணினிக்கு 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பும், மற்றதற்கு 'சின்னமன்' பதிப்பும் பொருந்தும்.

லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கும் கோப்பு சுமார் 3 ஜிபி. அதைப் பென்டிரைவில் சாதாரணமாகக் காப்பி செய்தால் வேலை செய்யாது. எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் மூலம் எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருந்த எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பென்டிரைவைப் பழைய லேப்டாப்பில் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சிறிது நேரத்தில் லினக்ஸ் மின்ட் திரை வந்துவிடும். இந்த நிலையில் எதுவும் நிறுவப்படவில்லை.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதியுங்கள். பிள்ளையே அரை மணி நேரம் பயன்படுத்திப் பார்க்கட்டும். திருப்தி இல்லை என்றால் கணினியை நிறுத்திவிட்டுப் பென்டிரைவை எடுத்துவிடுங்கள். பழைய விண்டோஸ் வைத்தது வைத்தபடி இருக்கும்.

திருப்தி என்றால், திரையிலுள்ள 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' படத்தை அழுத்துங்கள். மொழி, கீபோர்டு, வைஃபை என்று கேள்விகள் வரும். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, ஆனால் சில வாக்கியங்கள் ஆங்கிலத்திலேயே வரலாம். பிறகு முக்கியமான கேள்வி வரும். விண்டோஸுடன் சேர்த்துப் போடுவதா, முழுவதையும் அழித்துவிட்டுப் போடுவதா? புதியவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆன் செய்யும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா என்று கொடுங்கள், இந்தியா முழுவதற்கும் அதுதான். கடைசியாகப் பெயரும் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். மறந்துவிட்டால் சிரமம்.

லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் உள்ளேயே வந்துவிடும். கீபோர்டு அமைப்பில் தமிழ்99, அரபி இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மதரஸா வினாத்தாளை ஒரே பக்கத்தில் இரண்டு மொழியிலும் அடிக்கலாம். வேறு மென்பொருள் வேண்டுமென்றால் எந்தத் தளத்துக்கும் போக வேண்டாம். மெனுவில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' இருக்கிறது. போனில் பிளே ஸ்டோர் போல, தேடி 'இன்ஸ்டால்' அழுத்தினால் போதும். போலிப் பக்கம், எச்சரிக்கை, எந்தக் கோப்பு என்ற குழப்பம் எல்லாம் இங்கே அநேகமாக இல்லை. சாமானியருக்காக யோசித்தால் நிறுவுவது எவ்வளவு எளிதாகும் என்பதற்கு இதுவே சாட்சி.

நம்மால் நடந்த ஒரு இழப்பு

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு வீட்டில் நமது தன்னார்வலர் ஒருவர், "எல்லாம் எடுத்து வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அவர்கள் "ஆமாம்" என்றார்கள். அவர்கள் நினைத்தது மேசை மேல் இருந்த காகிதங்களை. தன்னார்வலர் கேட்டது கணினிக்குள் இருந்த கோப்புகளை. டிஸ்க் முழுவதும் அழிக்கப்பட்டது. அந்த வீட்டு மூத்தவரின் நிக்காஹ் போட்டோக்களும், மவுத்தாகிவிட்ட அவர்களுடைய வாப்பாவின் ஒரே வீடியோவும் அதில்தான் இருந்தன. திரும்ப எடுக்க முடியவில்லை. அந்தக் குடும்பம் நம்மை மன்னித்துவிட்டது. ஆனால் அந்த வீடியோ போனது போனதுதான்.

அன்று முதல் நமது விதி இது: போட்டோக்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்கில் காப்பி செய்து, அதை வேறொரு கணினியில் திறந்து, வீட்டாரின் கண்ணால் பார்க்க வைத்து, "எல்லாம் இருக்கிறது" என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகே அடுத்த வேலை. அதோடு, கணினியில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் மாற வேண்டாம்?

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்வது நேர்மையாகாது. டாலியில் கணக்கு எழுதுபவர்கள், பேஜ்மேக்கர், கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்துத் தாக்கல் செய்பவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும். கல்லூரியின் ஆன்லைன் தேர்வு விண்டோஸில்தான் நடக்கும் என்றால் அந்தப் பிள்ளையும் அவசரப்பட வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் காப்பி செய்யாவிட்டால் தமிழ் தெரியாது, கிறுக்கல்தான் தெரியும்.

உதவ வரும் இளைஞர்களுக்கு

கணினி படித்த நமது பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். மவுஸை நீங்கள் பிடிக்காதீர்கள். பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நீங்களே 10 நிமிடத்தில் முடித்துக் கொடுத்தால் அவருக்கு எதுவும் தெரியாது, அடுத்த பிரச்சினைக்கு மறுபடி கடைக்குத்தான் போவார். அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த குறிப்பில் அந்த இடத்துக்குத் திரையின் படத்தையும் தமிழில் ஒரு வரியையும் சேருங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல் வாயில் வரவே கூடாது.

வீட்டில் இருக்கும் பெண்களிடம் நேராகச் சொல்லிக்கொடுங்கள். லேப்டாப்பைத் தினமும் திறக்கப் போவது அவர்கள்தான். நிறுவி முடித்த பிறகு ஒரு வாரம் கழித்து ஒருமுறை விசாரியுங்கள். பெரும்பாலான சந்தேகங்கள் முதல் வாரத்தில்தான் வரும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு பணி காத்திருக்கிறது. மின்ட், லிப்ரே ஆஃபீஸ் ஆகியவற்றின் தமிழாக்கம் இன்னும் முழுமையடையவில்லை. அதில் யாரும் பங்கெடுக்கலாம். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது, மின்னூல்களையும் இலவசமாகத் தருகிறது. அங்கிருந்து தொடங்கலாம். "பார்ட்டிஷன்" என்ற சொல்லுக்குப் பதில், ஓர் உம்மாவுக்குப் புரியும் வரி ஒன்றை நீங்கள் எழுதிக் கொடுத்தால், முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அது உதவும்.

நமது ஏற்பாடு

இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை டிரஸ்ட் அலுவலகத்தில் இதற்காகத் தன்னார்வலர்கள் இருப்பார்கள். சகோதரிகளுக்குத் தனி இடமும், சொல்லிக்கொடுக்க மாணவிகளும் உண்டு. பழைய லேப்டாப், அதன் சார்ஜர், கோப்புகளைக் காப்பி செய்ய ஒரு வெளி டிஸ்க் அல்லது பென்டிரைவ் ஆகியவற்றுடன் வாருங்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லை. யார் வீட்டிலும் பயன்படாத லேப்டாப் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். அதைச் சரிசெய்து, மனு கொடுத்துக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குச் சேர்ப்பிப்போம்.

அந்த பி.காம். மாணவி சென்ற ஞாயிறு வந்திருந்தார். இந்த முறை உதவி கேட்டு வரவில்லை. பக்கத்து வீட்டு உம்மாவைக் கையோடு அழைத்து வந்திருந்தார். அவர்களுடைய பேரனின் லேப்டாப் பையிலிருந்தது. மவுஸை அந்த உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.